கிரெனடாவுக்கு ஒரு சின்னப் பார்சல்

ஸ்ரீஸ்கந்தராஜா குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டார். குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சோவென்று கொட்டத் தொடங்கியதும் கைபேசியை எடுத்து இரண்டு விமான டிக்கெட்டுகளை வாங்கினார்.

வங்கியை உடைக்கப் போகிறவன்கூட இத்தனை முன்னெச்சரிக்கை எடுத்திருக்கமாட்டான். ஆனால் கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில், அவருடைய வீடும் அருள்நேசனின் வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டவை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கமிருந்து அருள்நேசனின் மனைவி மெற்றில்டா, "அண்ணை, கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ" என்று குரல் கொடுப்பாள். அப்படிப்பட்ட சுவருக்கு டிக்கெட் வாங்கும் சத்தம் கேட்டுவிடக் கூடாது.

வெளியே வந்தபோது படியடியில் மனைவி தவநாயகி நின்றாள்.

"எடுத்தாச்சே?" குரல் வெறும் காற்றாக வந்தது.

"எடுத்தாச்சு."

"ஆருக்கும் சொல்லேல்லைத்தானே?"

"எனக்கே இன்னும் வடிவாச் சொல்லேல்லை."

லண்டனில் ஒரு தமிழர் விமானம் ஏறப்போகிறார் என்ற செய்தி வெளியே கசிந்தால் நடப்பது ஒன்றுதான். யாராவது ஒரு பையோடு வீட்டுக்கு வருவார். தேத்தண்ணீர் குடிப்பார். அரசியல் பேசுவார். புறப்படும்போது, அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போலக் கதவடியில் நின்று, "ஒரு சின்னப் பார்சல்" என்பார். அந்தச் சின்னப் பார்சல் ஒரு கைக்குழந்தையின் கனம் இருக்கும். மாட்டேன் என்று சொல்ல முடியாது. உங்களுடைய சின்னப் பார்சலை அவர் என்றோ ஒருநாள் எங்கேயோ சுமந்திருப்பார்.

ரொறன்ரோ போனபோது ஸ்ரீஸ்கந்தராஜாவின் சேட்டுகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டுத்தான் நெத்தலிக் கருவாடு உள்ளே போனது. அங்கே இருந்த நாளெல்லாம் மைத்துனரின் சேட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தார். மைத்துனர் அவரைப்போல இரண்டு மடங்கு. எல்லாப் படத்திலும் ஸ்ரீஸ்கந்தராஜா கூடாரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பவர்போல் இருந்தார். பாரிஸ் போனபோது, ஈபிள் கோபுரத்தைத் தவநாயகி, வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுக்குப் போகும் வழியில், வான் வண்டியின் பின்சீட்டில், மடியில் இடியப்பத் தட்டோடு பார்த்தாள். அதுவும் பாதிக் கோபுரம். மீதியை ஒரு லொறி மறைத்துவிட்டது.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் ஒரு ஹோட்டலில் படுத்து எழும்பியதில்லை. போன இடமெல்லாம் சொந்தக்காரர் வீடு. போய் இறங்கியதுமே, "தவமக்கா வந்திட்டா, இனிச் சமையலுக்குக் கவலையில்லை" என்று அகப்பையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். லண்டனில் அவளுக்கு வேலை பள்ளிக்கூடச் சமையலறையில். விடுமுறையிலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது.

ரொறன்ரோவிலிருந்து திரும்பிய அன்று பெட்டியைக்கூடத் திறக்காமல் சொல்லிவிட்டாள்.

"இனி ஒரு பயணம் எண்டால் நாங்கள் ரெண்டு பேரும்தான். மற்ற ஆக்களின்ரை ஒரு பொட்டலம் எங்களோடை வந்தாலும் நான் வரமாட்டன். நீங்களும் பொட்டலமும் போங்கோ."

தவநாயகி சொன்னால் சொன்னதுதான். ஆகவே ஸ்ரீஸ்கந்தராஜா உலக வரைபடத்தை வைத்துக்கொண்டு, தமிழரே இல்லாத இடம் ஒன்றைத் தேடத் தொடங்கினார். அது எவ்வளவு கடினம் என்று தேடியவருக்குத்தான் தெரியும். நோர்வேயின் வடக்கு மூலையில் மீன் வெட்டும் ஊர் ஒன்றில்கூட ஒரு தமிழர் விளையாட்டுக் கழகம் இருந்தது. ஐஸ்லாந்தில் பெரியம்மாவின் பேரன் இருந்தான். மொரீசியஸில் முருகனே இருந்தார்.

கடைசியில் கரீபியன் கடலில் ஒரு புள்ளி அகப்பட்டது. கிரெனடா.

"அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்று கேட்டாள் தவநாயகி.

"ஒருத்தரும் இல்லை."

"கோயில்?"

"இல்லை."

"பழைய மாணவர் சங்கம்?"

"இல்லை."

தவநாயகியின் முகம் அப்படியே மலர்ந்தது.

பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் ஸ்ரீஸ்கந்தராஜா அப்டன் பார்க்கில் இறங்கினார். கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால், ஒரு சாறிக்கடைக்கும் ஒரு பல் வைத்தியருக்கும் நடுவில், ஏஞ்சலாவின் சாப்பாட்டுக் கடை இருந்தது. கண்ணாடியில் கிரெனடாக் கொடி. உள்ளே, அறுபதைத் தொட்ட, கதவு உயரத்தில் ஒரு பெண்மணி. ஏஞ்சலா பேசியது தாளத்தோடு ஓடும் தீவு ஆங்கிலம். ஸ்ரீஸ்கந்தராஜாவின் மண்டைக்குள் இறங்கும்போது மட்டும், ஏனோ, அது நல்ல யாழ்ப்பாணத் தமிழாகவே இறங்கியது.

"கிரெனடாவுக்குப் போறன். என்ன பாக்கிறது, என்ன சாப்பிடுறது எண்டு கொஞ்சம் சொல்லுங்கோ," என்றார்.

"முதல் பாடம். வெளியிலை போ."

"என்ன?"

"போய்த் திரும்பி வா. வரேக்கை குட் மோர்னிங் சொல்லு."

போனார். வந்தார். சொன்னார்.

"இப்ப சரி. எங்கடை ஊரிலை கடைக்குள்ளை வந்தாலும் குட் மோர்னிங், பஸ்ஸிலை ஏறினாலும் குட் மோர்னிங். சொல்லாமல் வாறவனைக் கடன் கேக்க வந்தவன் எண்டு நினைப்பினம். பஸ்ஸிலை மணி இருக்காது. இறங்கிறதெண்டால் கூரையிலை தட்டு. உள்ளுக்கை பாட்டுப் பெரிசாப் போகும், பலமாத் தட்டு."

ஸ்ரீஸ்கந்தராஜா தலையை ஆட்டிக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கினார்.

"ஆமிக்காரன் உடுப்பு மாதிரிப் பச்சையும் மண்ணிறமும் திட்டுத் திட்டாப் போட்ட சேட்டு, கழுசான், தொப்பி ஒண்டும் கொண்டு போகாதை. அங்கை அது சட்டப்படி குற்றம். பறிச்சுப் போடுவாங்கள்."

"அந்த உடுப்பைக் கண்டு ஓடிவந்த ஆக்கள் அம்மா நாங்கள். காசு குடுத்து வாங்கிப் போடுவமே?"

ஏஞ்சலா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு கேட்காமலே ஒரு துண்டு பொரித்த வாழைப்பழத்தைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"நீச்சல் உடுப்போடை ரவுணுக்குள்ளை நடக்காதை, தண்டம் அடிப்பாங்கள். கடற்கரையிலை பச்சை அப்பிள் மாதிரிச் சின்னதாக் காய்க்கிற மரம் நிக்கும். தின்னாதை. மழைக்கு அதுக்குக் கீழை ஒதுங்கவும் ஒதுங்காதை. இலையிலை பட்ட தண்ணி விழுந்தாலே தோல் பொங்கும்."

"சாப்பாடு?"

ஏஞ்சலாவின் குரல் கோயிலுக்குள் நுழைந்தவள் குரல்போல் தணிந்தது.

"ஒயில் டவுண்."

அது கிரெனடாவின் பெருமை மிக்க சாப்பாடு. பெரிய சட்டி ஒன்றை எடுக்க வேண்டும். சீமைப்பலா எனப்படும் ஈரப்பலாக்காயைச் சீவிப் பெரிய துண்டுகளாக அடியில் அடுக்க வேண்டும். அதன்மேல் உப்பிட்ட இறைச்சி அல்லது மீன், மா உருண்டை, பச்சை வாழைக்காய், எல்லாவற்றுக்கும் மேலே சேம்பிலையால் ஒரு போர்வை. மஞ்சள் கரைத்த தேங்காய்ப்பாலை ஊற்றி மூடிவிட வேண்டும். பிறகு கிண்டக் கூடாது. பால் வற்றி, எண்ணெய் அடியில் இறங்கியதும் சட்டி தானே கூப்பிடும்.

ஸ்ரீஸ்கந்தராஜாவின் வாயில் தண்ணீர் ஊறியது. "தேங்காய்ப்பால், மஞ்சள், ஈரப்பலாக்காய்! இது எங்கடை சாப்பாடெல்லோ! ஒரு கரண்டி மிளகாய்த்தூள் மட்டும் போட்டால்..."

ஏஞ்சலா அகப்பையைத் தூக்கினாள். "போட்டால் கையை முறிப்பன்."

அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். சாதிக்காய் ஐஸ்கிறீம், அருவி, எந்தக் கரையில் அலை குறைவு என்று பாடம் நீண்டுகொண்டே போனது.

ஆபத்து அங்கேதான் பிறந்தது.

தன்னுடையதல்லாத ஒரு கடைக்குள் ஒரு யாழ்ப்பாணத்தான் திரும்பத் திரும்பப் போய் நின்றால், சுவரைப் பார்த்தால், அடுப்படியை எட்டிப் பார்த்தால், அதற்கு லண்டனில் ஒரே அர்த்தம்தான். கடை வாங்கப் போகிறான்! பஸ்ஸின் மேல்மாடியிலிருந்து அருள்நேசன் இந்தக் காட்சியைக் கண்டார். மறுநாள் தேங்காய் வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் தோளைத் தட்டி, "நல்ல இடம் அண்ணை, பார்க்கிங்தான் கஷ்டம்" என்றார்.

ஸ்ரீஸ்கந்தராஜா மறுக்கவில்லை. ஆமோதிக்கவுமில்லை. பொருள்பொதிந்த ஒரு சிரிப்புச் சிரித்தார். பயணத்தை மறைக்க இதைவிட நல்ல திரை கிடைக்குமா?

அவர் செய்த பிழை அந்தச் சிரிப்பு. அதைக் கேள்விப்பட்ட அருள்நேசனுக்கு இரவு நித்திரை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரன், கூடப்பிறக்காத சகோதரன், தனக்கு ஒரு சொல் சொல்லாமல் கடை வாங்குவதா? விடிந்ததும் நேரே ஏஞ்சலாவிடம் போய், லீஸ் எத்தனை வருடம், கொஞ்சம் கூட்டித் தந்தால் எனக்குத் தருவீர்களா என்று கேட்டேவிட்டார்.

"விக்கிறதோ?" என்றாள் ஏஞ்சலா. "ஆர் சொன்னது? அந்த மனிசன் கிரெனடாவுக்குப் போறதுக்கெல்லோ இஞ்சை வந்து படிக்கிறான்!"

அன்று பின்னேரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு அதுவே பயமாக இருந்தது. தவநாயகி கடைக்குப் போயிருந்தாள். அழைப்பு மணி அடித்தது.

வாசலில் மெற்றில்டா. கையில் ஒரு பை.

"அண்ணை, கிரெனடா போறியளாம்."

"ஆர்... ஆர் சொன்னது?"

"அதை விடுங்கோ. என்ரை தங்கச்சியின்ரை மகன் கிளின்ரன் எங்கை படிக்கிறான்?"

"டொக்டருக்கு... அமெரிக்காவிலை எண்டு சொன்னியள்."

"அமெரிக்காவுக்குப் பக்கத்திலை."

"பக்கத்திலை எண்டால்?"

"கிரெனடாவிலை அண்ணை! அங்கை பெரிய மருத்துவக் கல்லூரி இருக்கு. படிச்சு முடியுமட்டும் ஆருக்கும் சொல்லாமல் இருப்பம், நாவூறு பட்டிடும் எண்டு நாங்களும் வாயைத் திறக்கேல்லை."

ஸ்ரீஸ்கந்தராஜா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவர் மறைத்தது பார்சலுக்குப் பயந்து. அவர்கள் மறைத்தது நாவூறுக்குப் பயந்து. இரண்டு வீட்டில் ஒரு வீடாவது வாய் திறந்திருந்தால் அவர் இந்நேரம் வேறு தீவுக்கு டிக்கெட் எடுத்திருப்பார்.

"ஒரு சின்னப் பார்சல்தான்," என்றாள் மெற்றில்டா.

அவர் இலேசில் விழவில்லை. ஏஞ்சலாவிடம் படித்ததையெல்லாம் கேடயமாகப் பிடித்தார்.

"என்ன இருக்கு உள்ளுக்கை? கருவாடோ? விடவே மாட்டாங்கள். மீன், இறைச்சி எண்டால் சுங்கத்திலை நூறு கேள்வி."

மெற்றில்டா பையிலிருந்து கருவாட்டை எடுத்து நிலத்தில் வைத்தாள். "சரி. அடுத்தது?"

"பனங்கிழங்கு. அது கிழங்கு, செடி வகை. பூச்சி வரும் எண்டு எரிச்சுப் போடுவாங்கள்."

பனங்கிழங்கும் நிலத்துக்கு வந்தது. ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குத் தெம்பு வந்தது.

"வடை?" என்றாள் மெற்றில்டா. "பருத்தித்துறை வடை. மீனுமில்லை, செடியுமில்லை. பொரிச்ச மா."

வடைக்கு ஏஞ்சலா ஒன்றும் சொல்லித் தரவில்லை. "அங்கை... கடற்கரையிலை ஒரு மரம் நிக்குது. கீழை நிண்டால் தோல் பொங்கும்."

"மரத்துக்கும் வடைக்கும் என்ன அண்ணை?"

"இல்லை, சும்மா சொன்னனான்."

"அப்ப வடை போகுது. மிளகாய்த்தூள், நானே வறுத்து இடிச்சது."

"அங்கையும் கறித்தூள் இருக்கு மெற்றில்டா!"

"அதைக் கறித்தூள் எண்டு சொல்லாதேங்கோ. பிள்ளை அதைத் தின்றிட்டு எப்பிடி டொக்டராகிறது? நோயாளியாத்தான் வருவான்."

"பெட்டியிலை இடமில்லை..."

மெற்றில்டா பையைக் கீழே வைத்தாள். கைகளைக் கட்டினாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"தவமக்கான்ரை கலியாணக் கூறைச்சீலை லண்டனுக்கு எப்பிடி வந்தது அண்ணை?"

ஸ்ரீஸ்கந்தராஜா தலை குனிந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு, செக்பொயின்ற் செக்பொயின்றாக அந்தக் கூறையைப் பிரித்துக் காட்டி, மடித்து, பிரித்துக் காட்டி, மடித்து, லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அருள்நேசன். பார்சலை இரண்டு கையாலும் வாங்கினார்.

ஒளித்து வைப்பதும் இலேசாக இருக்கவில்லை. எரிவாயு மீற்றர் இருந்த அலுமாரிக்குள் வைத்தார். அரைமணித்தியாலத்தில் நடைபாதையெல்லாம் வறுத்த மிளகாய் வாசம். தவநாயகி வந்து மூக்கைச் சுளித்தாள்.

"ஆர் தூள் வறுக்கிறது?"

"மெற்றில்டாவா இருக்கும்," என்றார். அவர் வாயில் அன்று வந்த ஒரே உண்மை அதுதான்.

விடிந்து தவநாயகி வேலைக்குப் போனதும் பார்சலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் தும்மினார், பின்சீட்டுக்காரர் தும்மினார், கடைசியில் சாரதியும் தும்மினார். ஏஞ்சலாவின் கடைக்குள் குட் மோர்னிங் சொல்லிக்கொண்டே விழுந்தடித்து ஓடி, நடந்ததையெல்லாம் கொட்டினார். மனைவியின் கட்டளையையும் சொன்னார்.

ஏஞ்சலா அவரைப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு நீலப் பீப்பாய். உள்ளே அரிசி, சவர்க்காரம், சப்பாத்து, பால்மா.

"எங்கடை ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான்," என்றாள். "வருசம் முழுக்கச் சேர்த்து நிரப்பி ஊருக்குக் கப்பலிலை அனுப்புவம். அடுத்த கிழமை இது ஏறுது. உன்ரை பெடியனுக்கு என்ரை தங்கச்சி பிலோமினா போன் பண்ணிக் கூப்பிட்டுக் குடுப்பாள். போடு உள்ளுக்கை."

ஸ்ரீஸ்கந்தராஜாவின் கண் கலங்கியது. நன்றியாலா, மிளகாய்த்தூளாலா என்று தெரியவில்லை. பார்சல் சவர்க்காரக் கட்டிகளுக்கு நடுவே போய்ப் பதுங்கியது. பயணம் தப்பியது! இரண்டு பேரும், ஒரு பொட்டலமும் இல்லாமல்!

"நல்லகாலம் நீயா வந்தது," என்றாள் ஏஞ்சலா. "நானே தேடி வர இருந்தன். ஒரு சின்ன..."

அந்த முகபாவத்தை ஸ்ரீஸ்கந்தராஜா எங்கே கண்டாலும் அடையாளம் காண்பார். தலை இலேசாகச் சரிந்திருக்கும். உதட்டில் அரைச் சிரிப்பு. அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல ஒரு பாவனை.

"...பார்சல்."

அலுமாரிக்கு மேலிருந்து இறங்கியது ஒரு வட்டப் பெட்டி. உடுப்புத் தோய்க்கும் பேசின் அளவு.

"பிலோமினாவின்ரை மகளுக்கு வாற சனி கலியாணம். தாய்க்குத் தொப்பி. எங்கடை ஊரிலை பெண்ணைப் பாக்க முதல் பெண்ணின்ரை தாயின்ரை தொப்பியைத்தான் பாப்பினம். கப்பலிலை போட்டால் பேரப்பிள்ளை பிறந்தாப் பிறகுதான் போய்ச் சேரும். நீ வியாழன் போறாய்தானே?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். நீலப் பீப்பாய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. வாயை மூடினார்.

சின்னப் பார்சலோடு போனவர் பெரிய பெட்டியோடு திரும்பினார். பஸ்ஸில் ஒரு முழு இருக்கை அதற்கே போயிற்று. ஒளிக்கலாமா? கட்டிலுக்குக் கீழே போகாது. அலுமாரிக்குள் போகாது. தலையில் கவிழ்த்தால் அவரே உள்ளே போய்விடுவார். யோசித்து முடிக்குமுன் வீடு வந்துவிட்டது. கதவைத் திறந்தால் எதிரே தவநாயகி. பள்ளிக்கூடத்தில் ஏதோ பயிற்சி நாளாம், வேளைக்கே விட்டுவிட்டார்கள்.

"என்னது?"

மூளை நின்றுவிட்டது. வாய் நிற்கவில்லை.

"உமக்குத்தான்."

தவநாயகி பெட்டியைத் திறந்தாள். மெல்லிய தாளை விலக்கினாள்.

நாவற்பழ நிறத்தில் ஒரு தொப்பி. அகன்ற விளிம்பு. பக்கத்தில் துணியால் செய்த பெரிய பூ. பூவுக்குள்ளிருந்து ஒரு இறகு எழும்பி வளைந்து நின்றது. நெற்றிக்கு மேலே சின்ன வலை.

அவள் அதைத் தலையில் வைத்தாள். கண்ணாடிக்கு முன் போனாள். இடப்பக்கம் திரும்பினாள். வலப்பக்கம் திரும்பினாள். கொஞ்சம் சரித்துப் பார்த்தாள்.

"எனக்கோ?"

"ஓம்."

"கடற்கரைக்கோ?"

"...ஓம்."

"சாறிக்கு ஒத்து வராது. அந்த நீலச் சட்டை இருக்கு, அதுக்குப் போடலாம்." கண்ணாடியில் தெரிந்த முகம் ஸ்ரீஸ்கந்தராஜா பல வருடமாகக் காணாத முகம். "உங்களுக்கு இப்பிடி ஒரு யோசனை வருமெண்டு நான் நினைக்கவே இல்லை."

தொப்பியோடேயே தேத்தண்ணீர் போட்டாள். தொப்பியோடேயே புட்டு அவித்தாள். ஆவி பட்டுவிடும் என்று தலையைப் பின்னால் சாய்த்தபடி, ஒரு மகாராணி புட்டு அவிப்பதுபோல் அவித்தாள். ஸ்ரீஸ்கந்தராஜா மேசையடியில் இருந்தபடி நகத்தைக் கடித்தார். உண்மையைச் சொல்ல வேண்டும். புட்டு இறங்கியதும் சொல்லலாம். சம்பல் அரைத்ததும் சொல்லலாம். சாப்பிட்ட பிறகு...

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெற்றில்டாவின் குரல் கணீரென்று வந்தது.

"தவமக்கா! கிளின்ரன்ரை பார்சலைப் பெட்டியிலை வைச்சிட்டியளே? வடை நொறுங்காமல் மேலை வையுங்கோ!"

அகப்பை நடுவழியில் நின்றது. இறகு மட்டும் ஆடியது.

"எந்தப் பார்சல்?"

சொன்னார். மிளகாய்த்தூளிலிருந்து தொடங்கி, கூறை, பீப்பாய், பிலோமினா என்று ஒவ்வொன்றாக, ஒன்றும் விடாமல். தொப்பியை மட்டும் கடைசிக்கு வைத்தார்.

தவநாயகி தொப்பியைக் கழற்றினாள். பூவைத் தட்டி நேராக்கினாள். தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"அப்ப இது எனக்கில்லை."

"தவம்..."

"பார்சல் வந்ததுக்குக் கூட எனக்கு இவ்வளவு கோவம் இல்லை. எனக்கெண்டு, என்ரை தலைக்கெண்டு, நீங்கள் கடைசியா வாங்கித் தந்தது என்ன?"

யோசித்தார். பிரஷர் குக்கர். அதற்கு முன்னால்? இட்லிச் சட்டி. இரண்டையும் வாய்க்குள்ளேயே வைத்து விழுங்கினார்.

"நான் வரேல்லை," என்றாள் தவநாயகி. "நீங்களும் தொப்பியும் போங்கோ. அந்த மனிசியின்ரை நம்பரைத் தாங்கோ. ஊரான் வீட்டு மனிசனிட்டைக் கேக்க முதல் அவன்ரை மனிசியிட்டை ஒரு சொல்லுக் கேக்கோணும் எண்டு சொல்லப்போறன்."

ஸ்பீக்கரில் போட்டாள். தவநாயகியின் ஆங்கிலம் பள்ளிக்கூடச் சமையலறை ஆங்கிலம். சொல் குறைவு, அதட்டல் அதிகம். ஆனால் மறுமுனையில் ஏஞ்சலா அவளை வாய் திறக்கவே விடவில்லை.

"நீதானே அவன்ரை மனிசி? சொல்லு டார்லிங், தொப்பியைப் போட்டுப் பாத்தியோ?"

தவநாயகி இதை எதிர்பார்க்கவில்லை. "...கொஞ்ச நேரம்."

"எப்பிடி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்தது." குரலில் அதட்டல் பாதியாகக் குறைந்திருந்தது. "பெட்டியைக் குடுத்து விடுறன். நாங்கள் கொண்டு போகேலாது."

"பெட்டியை விடு. பெட்டியிலை வைச்சால் மேலை ஒருத்தன் பையைப் போட்டு நசிப்பான். தொப்பி போகவேண்டியது தலையிலை. நான் ஊருக்கு அனுப்பின தொப்பியெல்லாம் ஆரோ ஒரு பொம்பிளையின்ரை தலையிலைதான் போனது. எயர்போட்டிலை எல்லாரும் உனக்கு வழி விடுவினம், பார். பிலோமினா இப்பவும் கேட்டவள், ஆரின்ரை தலை எண்டு. கலியாணத்துக்கு உன்னையும் வரச் சொல்லிவிட்டவள். அடுத்த நாள் கடற்கரையிலை ஒயில் டவுண்."

தவநாயகியின் கண் சுருங்கியது. இந்தப் பாதை அவளுக்குப் பழக்கமான பாதை. கல்யாணவீடு, கடற்கரை, பெரிய சட்டி, கையில் அகப்பை.

"நான் சமைக்கோணுமோ?"

மறுமுனையில் ஏஞ்சலா சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது.

"விருந்தாளியைச் சமைக்க விட்டால் எங்கடை அம்மா குழியிலை இருந்து எழும்பி வருவா! அதைச் சமைக்கிறது ஆம்பிளையள். நீ கதிரையிலை இருந்து கடலைப் பார். உன்ரை மனிசன் ஈரப்பலாக்காய் சீவட்டும்."

"நாங்கள் பன்றி தின்னுறேல்லை."

"உனக்கு உப்புமீன் போட்டு வேறை சட்டி."

"அங்கை என்னைத் துருவித் துருவிக் கேள்வி கேப்பினமோ? தனியப் போய் இருக்கிற மகனுக்கு ஏன் இன்னும் கலியாணம் இல்லை, வீடு என்ன விலை போகும்?"

"கேப்பினம். பதில் சொல்ல முதல் ஆட்டம் தொடங்கிடும்."

தவநாயகி போனை வைத்தாள். அகப்பையைக் கழுவி மாட்டினாள். ஸ்ரீஸ்கந்தராஜா மூச்சையும் அளந்துதான் விட்டார்.

"உங்களுக்கு ஈரப்பலாக்காய் சீவத் தெரியுமோ?"

"தெரியாது."

"பழகுங்கோ."

"அப்ப நீர் வாறீரோ?"

"தொப்பி தனியப் போகாதெண்டு அந்த மனிசி சொல்லுறாவே." பெட்டியின் மூடியை மெல்லத் திறந்தாள். "அங்கை போய் இறங்கினதும் இதைக் குடுத்திடுவன். ஆனா ஒண்டு. திரும்பி வரேக்கை என்ரை தலையிலை என்ரை தொப்பி இருக்கோணும். நீங்களே தேடி, நீங்களே பாத்து வாங்கித் தாற தொப்பி."

"ஓம்."

"குக்கர் நிறத்திலை இல்லை."

"ஓம் தவம்."

புதன்கிழமை பின்னேரம், ஏஞ்சலாவின் கடைப் பின்னறை. நிலத்தில் பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் ஸ்ரீஸ்கந்தராஜா சம்மணமிட்டிருந்தார். முதல் ஈரப்பலாக்காயைச் சீவியபோது தோலோடு பாதிச் சதையும் போயிற்று. இரண்டாவதில் கத்தி வழுக்கிக் காய் உருண்டு பீப்பாய்க்குப் பின்னால் ஓடியது. காயின் பால் பிசுபிசுத்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஏஞ்சலா தேங்காயெண்ணெய்ப் போத்தலை நீட்டினாள். "முதலே பூசியிருக்கோணும். நாலாவதை நீ சரியாச் சீவினால் நாளைக்குப் பிளேன் ஏறலாம்."

தவநாயகி பிளாஸ்டிக் கதிரையில் நீலச் சட்டையோடும் நாவற்பழத் தொப்பியோடும் சாய்ந்திருந்தாள். மடியில் பொரித்த வாழைப்பழத் தட்டு. ஒரு துண்டை எடுத்து, வலையில் படாமல் வாய்க்குக் கொண்டுபோகும் வித்தையைப் பழகிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, இன்னும் மெல்லிசாச் சீவுங்கோ," என்றாள். "அங்கை நாலு பேர் பாப்பினம்."

ஸ்ரீஸ்கந்தராஜா அடுத்த காயை எடுத்தார்.